பொந்து இல்லாத காடு

தேன் விற்றே குடும்பத்தைக் காப்பாற்றும் சிறு விவசாயி எவரையும் நான் பார்த்ததில்லை. வங்கி வேலையில் என் காலத்தின் பெரும்பகுதி கிராமக் கிளைகளில் கடன் மனுக்களைப் படித்தே கழிந்தது. தேனீ வளர்ப்புக்கென்று வரும் மனுக்களில் எப்போதும் ஒரே கணக்குதான் இருக்கும்: பத்துப் பெட்டி, பெட்டிக்கு இத்தனை கிலோ, கிலோவுக்கு இத்தனை ரூபாய், வருஷக் கடைசியில் கொழுத்த லாபம். எழுதிக் கொடுத்தவர் ஒரு பெட்டியையாவது திறந்து பார்த்தவர் இல்லை என்பது இரண்டாம் வரியிலேயே தெரிந்துவிடும். ஆனாலும் அவற்றைத் திருப்பி அனுப்ப எனக்கு மனம் வந்ததில்லை. கணக்குதான் தப்பே தவிர, தொழில் தப்பில்லை. வரவு வேறு பத்தியில் இருந்தது, அவ்வளவுதான்.

எனக்கு ஊர் மார்த்தாண்டம் பக்கம். அப்பா ரப்பர் தோட்டத்து ஓரத்தில் பெட்டி வைத்திருந்தார். மாசி பங்குனியில் ரப்பர் மரம் பழைய இலையை உதிர்த்துத் துளிர்க்கும்போது, இலைக்காம்பில் உள்ள சுரப்பிகளில் இனிப்பு கசியும். எங்கள் ஊர்த் தேனில் பாதி பூவிலிருந்தே வருவதில்லை என்று சொன்னால் மும்பையில் யாரும் நம்புவதில்லை. பிறகு வேலை என்னை இங்கே கொண்டுவந்து சேர்த்தது. நடுவில் சில வருஷம் ஜவ்ஹார் பக்கத்துக் கிளையில் இருந்தேன். இப்போது செம்பூரில் ஓய்வு. ஜவ்ஹார் போக்குவரத்து மட்டும் விட்டபாடில்லை.

ஜவ்ஹார் மும்பைக்கு வடக்கே, சாலை வழியாகச் சுமார் 150 கிலோமீட்டர். 1948 வரை முக்னே வம்சத்தின் சிறு சமஸ்தானம். அப்புறம் தாணே மாவட்டம். 2014 ஆகஸ்டிலிருந்து பால்கர் மாவட்டம். வார்லி, கோக்ணா, காத்கரி, மல்ஹார் கோலி மக்கள்தான் அங்கே பெரும்பான்மை. மும்பையின் அடுப்புகளுக்குக் கரியும் வீடுகளுக்கு உத்தரமும் தாணே மாவட்டத்துக் காடுகளிலிருந்து போன காலம் ஒன்று உண்டு. அந்த வெட்டின் தடம் இன்னும் தெரிகிறது. இன்று சாலையிலிருந்து பச்சையாகத் தெரிவதில் பெரும்பகுதி பழைய காடு இல்லை. வெட்டிய கட்டையிலிருந்து நாலைந்து குருத்தாகக் கிளம்பிய தேக்கு, கருமருது, அவற்றுக்கு நடுவே புதரும் கொடியும். கரும்புக்குச் சொல்வதுபோல மறுதாம்புக் காடு. 2006-இல் வந்த வன உரிமைச் சட்டத்துக்குப் பிறகு சில ஊர்கள் தங்கள் பங்குக் காட்டை வெட்டாமல், கொளுத்தாமல் வளரவிடத் தொடங்கின. எல்லா ஊரும் அல்ல.

தேனீக்கு இந்தக் காடு மோசமில்லை. சொல்லப்போனால், வெயிலே தரையில் விழாத முதிர்ந்த காட்டைவிடப் புதரும் கொடியும் மண்டிய இளங்காட்டில்தான் கைக்கெட்டும் உயரத்தில் பூ அதிகம். தை மாசி வரும்போது முள்ளிலவும் புரசும் சிவக்கும். பிறகு புங்கை, நாவல், இலுப்பை, கடுக்காய் என்று மே மாதம்வரை ஏதாவது ஒன்று பூத்துக்கொண்டே இருக்கும். யாருக்கும் பிடிக்காத உண்ணிச்செடிகூட இடைவெளியை நிரப்பும். வெறும் தேக்கை வரிசையாக நட்ட தோட்டத்தில் இது நடக்காது; தேக்கு பூப்பதே மழையில், தேனீ வெளியே வர முடியாத நேரத்தில்.

சாப்பாடு இருக்கிறது, வீடுதான் இல்லை. அங்கே ‘சாதேரி’ என்று சொல்லும் தேனீ, நம் ஊர் அடுக்குத் தேனீயேதான். இருட்டான பொந்துக்குள் ஏழெட்டு அடைகளை அடுத்தடுத்துத் தொங்கவிட்டு வாழும் இனம். மரத்தில் பொந்து விழ வேண்டுமானால் மரத்துக்கு வயசாக வேண்டும். கிளை முறிந்து, உள்ளே நீர் இறங்கி, பூஞ்சை பிடித்து, உள்மரம் உளுத்துப்போக வேண்டும். முழங்கைத் தடிமனில் நிற்கும் மறுதாம்புத் தேக்கில் எந்தப் பொந்து? சாதேரி கறையான் புற்றிலும் பாறை இடுக்கிலும் வீட்டுச் சுவரிலும் புகுந்து பிழைக்கிறது. புற்றில் இருப்பது தெரிந்தால் ஊர்ப் பிள்ளைகள் மண்வெட்டியோடு வந்துவிடுவார்கள். ஒரு டம்ளர் தேனுக்கு ஒரு கூட்டம் காலி.

செம்பூரில் எங்கள் கட்டடத்துத் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் தொங்குவது இந்தச் சாதேரி இல்லை. அது ‘ஆக்யா’, நாம் மலைத்தேனீ என்பது; வெளிச்சத்தில் ஒரே ஒரு பெரிய அடையைத் தொங்கவிடும், கோபக்காரி, எந்தப் பெட்டியிலும் அடங்காது. சொசைட்டிக் கூட்டத்தில் வருஷாவருஷம் பூச்சி மருந்துக்காரரைக் கூப்பிடுவதா வேண்டாமா என்று சண்டை நடக்கும். நான் வேண்டாம் கட்சி. பெரும்பாலும் தோற்கிற கட்சி.

ஆக, மறுதாம்புக் காட்டில் தேன் பெட்டி என்பது கிடைக்காத மரப்பொந்துக்கு மாற்று. இதைப் புரிந்துகொண்டால் பெட்டி எப்படி இருக்க வேண்டும், எத்தனை வேண்டும், எங்கே வைக்க வேண்டும் என்பதெல்லாம் தன்னால் பிடிபடும். பத்துப் பெட்டியை ஒரே இடத்தில் அடுக்குவது அரசாங்கப் புகைப்படத்துக்கு நல்லது. சிறுவிவசாயிக்கு வயலோரம் இரண்டு, காட்டோரம் இரண்டு போதும்.

எனக்குத் தேவைப்பட்ட மாதிரிப் பெட்டியைத் தாராவியில் செய்யச் சொன்னேன். 90 அடி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர் ஒருவரின் தச்சுப்பட்டறை. கடை அலமாரி, கோயில் பல்லக்குக் கால் என்று எது சொன்னாலும் செய்வார். என் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“என்ன அண்ணாச்சி, இதுல என்னத்த வளர்க்கப் போறீய? புறாவா?”

“தேனீ.”

“பூச்சிக்கு எதுக்கு இம்புட்டு கணக்கு? நாலு பலகய அடிச்சு மூடுனா போதாதா?”

போதாது என்பதற்குப் பின்னால் ஒரு நீண்ட கதை இருக்கிறது. 1851-இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் லாங்ஸ்ட்ராத் என்ற பாதிரியார் ஒன்றைக் கண்டுகொண்டார். பெட்டிக்குள் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே ஒரு தேனீ போய்வரும் அளவு இடைவெளி மட்டும் விட்டால், தேனீ அதைப் பாதையாக வைத்துக்கொள்ளும், மெழுகால் அடைக்காது. இடைவெளி கூடினால் அங்கேயும் ஓர் அடை கட்டிவிடும். அப்புறம் சட்டத்தை உருவ முடியாது, பிய்த்துத்தான் எடுக்க வேண்டும். மேல்நாட்டுத் தேனீ பெரியது, அதன் பெட்டியும் பெரியது. நம் அடுக்குத் தேனீக்கு ஏற்ற சின்னப் பெட்டியை 1910-களில் திருச்சிராப்பள்ளியில் செய்து, ஆட்களையும் பழக்கியவர் நியூட்டன் என்ற இயேசு சபைப் பாதிரியார். இன்றும் தென்னாட்டில் அது நியூட்டன் பெட்டிதான். அடுத்த பத்தாண்டில் ஸ்பென்சர் ஹாட்ச் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. கிராம மையத்தைத் தொடங்கி, சிறு குடியானவர்களுக்குக் கோழி வளர்ப்போடு தேனீ வளர்ப்பையும் சொல்லிக் கொடுத்தார். என் அப்பா கையில் வந்து சேர்ந்தது அந்த மரபு.

இதில் பாதியைத்தான் பட்டறையில் சொன்னேன். அவருக்கு அதுவே போதுமாக இருந்தது. ஸ்கேலை ஓரமாக வைத்துவிட்டு, ஒரு மூங்கில் பத்தையை எடுத்து எட்டு மில்லிமீட்டருக்குச் சீவினார். ஒவ்வொரு சட்டத்தையும் பெட்டியில் இறக்கி, இரண்டு பக்கமும் அந்தப் பத்தையை விட்டுப் பார்த்தார். இறுகினால் ஒரு இழைப்பு. ஆடினால் சட்டத்தையே கழற்றி வேறு. “ஸ்கேலு கண்ணுக்குத் தக்கன பொய் சொல்லும் அண்ணாச்சி. இது சொல்லாது.” ப்ளைவுட் மலிவாக வரும் என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. பசை வாடை தேனீக்கு ஆகாது. கொங்கண மழையில் ப்ளைவுட் ஊதி, எட்டு மில்லிமீட்டர் நாலாகிவிடும்.

பெட்டியை வாங்கிக் கொடுத்தவுடன் தேனீ வந்து உட்காராது. கூட்டத்தைக் குடியேற்ற வேண்டும். ஜவ்ஹாரில் எனக்குப் பழக்கமான வார்லி விவசாயி ஒருவர் இதில் கைதேர்ந்தவர். சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் புற்றை மெல்லத் திறந்து, லேசாகப் புகை காட்டுவார். அடைகளை ஒவ்வொன்றாக அறுத்து, தேன் இருக்கும் மேல் பகுதியைத் தனியே வைத்துவிட்டு, புழுவும் முட்டையும் இருக்கும் பகுதியைச் சட்டத்தில் பொருத்தி வாழைநாரால் கட்டுவார். இரண்டொரு நாளில் தேனீ அடையைச் சட்டத்தோடு மெழுகால் ஒட்டிவிட்டு, நாரைக் கடித்துத் துணுக்குத் துணுக்காக வாசலில் தள்ளிவிடும். ராணி கிடைத்துவிட்டால் வேலைக்காரிகள் தாமாக வரிசையில் உள்ளே போவார்கள். ராணி வெளியே பறக்காமலிருக்க வாசலில் துளைத்தகடு. பெட்டியின் நாலு காலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்த வேண்டும். இல்லையென்றால் எறும்பு ஒரே ராத்திரியில் முடித்துவிடும்.

அவரிடம்தான் வரவு எந்தப் பத்தியில் இருக்கிறது என்று கேட்டேன். “சாஹேப், தேன் எங்க வீட்டுக்கு. வெள்ளரிக்காய்தான் பஜாருக்கு” என்றார்.

வெள்ளரிக் கொடியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. பெண் பூவுக்குத் தேனீ பல தடவை வந்தால்தான் காய் நேராக, முழுசாகப் பருக்கும். தேனீ வருவது குறைந்தால் காம்புப் பக்கம் பருத்து நுனி சூம்பி, கோணலாக வளைந்து போகும். கோணல் காயைச் சாலையோர வியாபாரி எடுக்க மாட்டார். எடுத்தாலும் பாதி விலை. பாகலும் பூசணியும் இதே கதை. மலைச்சரிவில் விதைக்கும் காட்டெள்ளு இன்னும் மோசம்: தன் மகரந்தத்தைத் தானே ஏற்காத பயிர், தேனீ வராவிட்டால் பூ மட்டும் மஞ்சளாக இருக்கும், உள்ளே மணி இருக்காது. முந்திரிக்கும் தேனீ வேண்டும். மாமரத்துக்கு மட்டும் நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். மாம்பூவில் ஈக்களுக்குத்தான் பெரிய பங்கு.

கூடும் காயைத் தேனீயின் பேரில் வரவு வைக்க வங்கிப் படிவத்தில் பத்தியே கிடையாது. சாதாரண வருஷத்தில் அங்கே ஒரு சாதேரிப் பெட்டி மூன்று நாலு கிலோ கொடுத்தால் நல்லது. நல்ல காட்டில், நல்ல கையில் ஐந்தாறு கிலோ. நாலு பெட்டியென்றால் பதினைந்து கிலோ அளவு. அதில் பிள்ளைகளுக்கும் மருந்துக்கும் உறவுக்கும் போக மிச்சம் விற்பது பள்ளிக்கூடச் செலவுக்குச் சரியாக இருக்கும். மிச்ச வரவெல்லாம் வெள்ளரியிலும் காட்டெள்ளிலும் முந்திரியிலும் கரைந்து கிடக்கிறது.

இந்த வரவைக் கணக்கில் எடுத்த அமைப்பு ஒன்று மும்பையிலேயே இருக்கிறது. விஜயா பாஸ்தலா 2009-இல் தொடங்கிய ‘அண்டர் தி மேங்கோ ட்ரீ’. மகாராஷ்டிரம், குஜராத், மத்தியப் பிரதேசத்துப் பழங்குடி விவசாயிகளுக்கு உள்ளூர் அடுக்குத் தேனீயை வளர்க்கப் பழக்குகிறது. முதல் பேச்சே விளைச்சல்தான், தேன் அப்புறம். அதற்கு நிலம் முன்பே ஓரளவு தயாராக இருந்தது. ‘பாய்ஃப்’ நிறுவனம் 1982-இல் குஜராத்தின் வான்ஸ்தாவில் ஆரம்பித்த ‘வாடி’ முறை இந்தப் பக்கமும் பரவியிருந்தது. தரிசாகிப்போன ஒரு ஏக்கரில் மாவும் முந்திரியும், வேலியோரம் காட்டு மரங்களும். ஒரு பக்கம் வாடி, மறு பக்கம் மறுதாம்புக் காடு, நடுவில் பெட்டி: சாதேரிக்கு இதைவிட என்ன வேண்டும்?

வேண்டியது இருக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர்வரை அங்கே மழை அடைத்துப் பெய்யும். தேனீ வெளியே போக முடியாது, போனாலும் பூவில் தேன் கழுவிப் போயிருக்கும். சர்க்கரைப் பாகு வைக்காவிட்டால் கூட்டம் மெலியும்; மெலிந்த கூட்டத்தில் மெழுகு அந்துப்பூச்சி நுழைந்து அடையை வலையாக்கும்; சாதேரி ஒரு நாள் காலையில் பெட்டியைக் காலி செய்துகொண்டு போய்விடும். விட்டுப் போகும் குணம் அதற்கு மேல்நாட்டுத் தேனீயைவிட ரொம்ப அதிகம். போகட்டும், அடுத்த அக்டோபரில் வேறொரு கூட்டம் பிடிக்கலாம்.

எனக்குத் தீர்வு தெரியாத சிக்கல் வேறு. தீபாவளி முடிந்ததும் அந்தக் கிராமங்களில் பாதி காலியாகிவிடும். பிவண்டி, வசாய் பக்கத்துச் செங்கல் சூளைக்கும் கட்டட வேலைக்கும் குடும்பத்தோடு போனால் அடுத்த மழைக்குத்தான் திரும்புவார்கள். தேன் பருவமும் அதேதான்! பெட்டியைப் பார்க்க வேண்டிய ஏழு மாதமும் பெட்டிக்காரர் ஊரில் இல்லை. பாட்டி தாத்தாவிடம் விட்டுப் போகிறார்கள். சில பாட்டிமார் பிரமாதமாகப் பார்க்கிறார்கள். மற்றபடி, நிலமும் கொஞ்சம் தண்ணீரும் இருந்து ஊரில் தங்க முடிந்தவருக்குத்தான் தேனீ உதவும். தங்க முடியாதவரைத் தங்கவைக்க நாலு பெட்டிக்குத் தெம்பில்லை. திட்டக் காகிதங்களில் இந்த வரியைச் சேர்த்தால் நன்றாயிருக்கும்.

இன்னொரு பயமும் உண்டு. 1990-களின் தொடக்கத்தில் ‘தாய் சாக்புரூட்’ என்னும் வைரஸ் நோய் தென்னாட்டில் பரவி, கேரளத்திலும் குமரி மாவட்டத்திலும் அடுக்குத் தேனீயைக் கிட்டத்தட்ட துடைத்துவிட்டது. புழுக்கள் அறைக்குள்ளேயே நீர் நிறைந்த பையாகிச் சாகும். அப்பாவின் பெட்டிகளைத் திறந்தபோது எழுந்த புளித்த வாடை எனக்கு இன்னும் தெரியும். பல வருஷம் கழித்து, நோயைத் தாங்கிய கூட்டங்களிலிருந்துதான் தொழில் மீண்டது. அந்த இடைவெளியில்தான் இத்தாலியத் தேனீ எங்கள் ஊருக்குள் வந்தது.

இத்தாலியத் தேனீயை நான் குறை சொல்லவில்லை. நாலைந்து மடங்கு தேன் தரும். ஆனால் அதற்குப் பூ போகும் இடமெல்லாம் லாரியில் கூடவே போக வேண்டும். லாரி வைத்திருப்பவன் சிறுவிவசாயி இல்லை. விலே பார்லேயில் தலைமையகம் உள்ள காதி கிராமத் தொழில் ஆணையம் ‘ஹனி மிஷன்’ நடத்துகிறது. மத்திய அரசு 2020-இல் தேசியத் தேனீ வளர்ப்பு இயக்கத்துக்கு 500 கோடி ரூபாய் ஒதுக்கியது. பணத்துக்குக் குறைவில்லை. எந்தத் தேனீ, எந்தக் காடு என்று கேட்டுக் கொடுத்தால் போதும். சாத்தாரா மாவட்டம் மகாபலேஷ்வர் தாலுகாவில் காட்டுக்கு நடுவே இருக்கும் மாங்கர் கிராமத்தை 2022 மே மாதம் ‘தேன் கிராமம்’ என்று அறிவித்தார்கள், நாட்டிலேயே முதலாவது. அங்கே பெரும்பாலான வீடுகளில் சாதேரிப் பெட்டி. நாவலும் கடுக்காயும் பூக்கும் காட்டை அவர்கள் காவல் காப்பதில் சொந்தக் கணக்கும் இருக்கிறது: தீ பிடித்தால் அடுத்த பருவம் பெட்டி காலி.

இந்தப் பக்கத்து மலைகளின் சொத்து கார்வி. மரத்தடியில் ஆளுயரம் மண்டும் குறிஞ்சி இனத்துப் புதர். எட்டு வருஷத்துக்கு ஒருமுறை ஒட்டுமொத்தமாகப் பூத்து, விதைத்து, செத்துவிடும். போரிவலி சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவில் 2008, 2016, 2024-இல் பூத்தது. கார்வித் தேன் கட்டியாக, அடர்நிறமாக இருக்கும். சர்க்கரை விகிதம் மற்றத் தேனிலிருந்து மாறுபடுவதால், நம் உணவுத் தர விதிகளிலேயே அதற்குத் தனி அளவு கொடுத்திருக்கிறார்கள். புதராக நினைத்து ஒதுக்கியதற்கு அப்படி ஒரு மரியாதை!

நியூசிலாந்தில் இப்படி ஒதுக்கிய புதரின் தேனையே பெரிய வியாபாரமாக்கினார்கள். மேய்ச்சல் நிலத்தைக் கைவிட்டால் முதலில் முளைப்பது மானுகா என்னும் புதர். ஆட்டுப்பண்ணைக்காரர்கள் களையென்று வெட்டிப் போட்டார்கள். 1980-களில் வைக்காட்டோ பல்கலைக்கழகத்தின் பீட்டர் மோலன் மானுகாத் தேனுக்குக் கிருமிகளை அடக்கும் தனிச்சக்தி இருப்பதைக் காட்டினார். அப்புறம் களைக்காடு காசுக்காடானது. ஜவ்ஹாருக்கு அப்படி ஒரு யோகம் அடிக்கும் என்று நான் மனுவில் எழுத மாட்டேன்.

மாட்டுங்கா கடைத்தெருவில் அபிஷேகத்துக்கும் நாட்டு மருந்துக்கும் தேன் வாங்குகிறவர்களிடம் பேசினால் இரண்டு நம்பிக்கை தெரியும்: உறைந்தால் கலப்படம், நீர்த்திருந்தால் கலப்படம். இரண்டும் தப்பு. குளுகோஸ் அதிகமுள்ள நல்ல தேன் உறையத்தான் செய்யும். ஈரக்காற்றில் வாழும் சாதேரியின் தேனில் நீர்ச்சத்து கொஞ்சம் கூடுதல். விதி கேட்கும் 20 சதவீதத்துக்குள் கொண்டுவர அடை முழுதும் மெழுகால் மூடப்படும்வரை பொறுக்க வேண்டும். அவசரப்பட்டுப் பிழிந்தால் புளித்துவிடும். நிஜமான கலப்படம் கண்ணுக்குத் தெரியாது: 2020 டிசம்பரில் டெல்லியின் அறிவியல் சுற்றுச்சூழல் மையம் 13 நிறுவனத் தேன்களை ஜெர்மனிவரை அனுப்பிச் சோதித்தபோது, எல்லாச் சோதனையிலும் தேறியவை மூன்றுதான். சர்க்கரைப் பாகோடு விலையில் மல்லுக்கட்ட ஜவ்ஹார்க்காரரால் முடியாது. அவர் தேன் ஊர்ப் பஜாரிலேயே, அவரைத் தெரிந்தவர்களிடம், பழைய பாட்டிலில் விற்றுப்போகிறது.

இனி கடன் கொடுக்கும் இளம் அதிகாரிகளுக்கு என் யோசனை ஒன்று உண்டு. மாதத் தவணை போடாதீர்கள். தேனீ மாதாமாதம் சம்பளம் தருவதில்லை. காட்டெள்ளு அறுத்தபின் டிசம்பரில் ஒன்று, முந்திரியும் நாவல் தேனும் கைக்கு வந்தபின் மே கடைசியில் ஒன்று. மழைக்காலத்துப் பாகுக்கு வேண்டிய சர்க்கரையைக் கடன் தொகையிலேயே சேர்த்துவிடுங்கள். பெட்டி நாலுக்கு மேல் கேட்டால், முதல் நாலில் எத்தனை கூட்டம் இருக்கிறது என்று நேரில் போய்த் திறந்து பாருங்கள்.